பாக்கெட்டில் ஏழு துண்டுகள்

அத்தியாயம் 6

நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

முந்தாநாள் இரவு எட்டு மணிக்கு மருமகள் ஒரு சிறு துண்டு சீஸை வாயில் போட்டாள். எட்டு மூன்றுக்குத் தொண்டை வீங்கி நாற்காலியோடு சாய்ந்தாள். இப்போது மதியம் ஒரு மணி. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் இன்னும் கண் திறக்கவில்லை.

டீச்சர் அந்த சீஸ், ஒயின் கடையின் பின்னறையில் நின்றுகொண்டிருந்தார். ‘டீச்சர்’ பட்டப்பெயர்தான். ஆனால் பொய்ப்பெயர் இல்லை. இருபது வருடம் வேதியியல் நடத்திவிட்டுத் துப்பறியும் வேலைக்கு வந்தவர். அன்று காலை பதினோரு மணிக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். ஊசியின் மரப்பு இன்னும் போகவில்லை. இடது கன்னமும் பாதி நாக்கும் வேறு யாருடையவோ போல இருந்தன.

“டீச்சர், உங்க இடது கன்னத்துல எறும்பு ஊருது” என்றான் ரேடியோ. “உங்களுக்குத் தெரியாதேன்னு சொன்னேன்.”

ரேடியோ அவருடைய உதவியாளன். நாற்பது வயது. தூங்கும்போது மட்டும் நிறுத்தி வைக்கப்படுபவன் என்பதால் அந்தப் பெயர்.

டீச்சர் எறும்பைத் தட்டிவிட்டார்.

பின்னறை சுத்தமாக இருந்தது. நீளமான கல் மேஜை, இரண்டு குளிர்பெட்டிகள், சுவரோடு ஒயின் பாட்டில்கள் படுத்திருக்கும் மர அடுக்கு. தொட்டி அருகே ஓர் இளம்பெண் ஒயின் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவை ஏற்கெனவே கழுவியவை. கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி கழுவினாள். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“என் தங்கச்சி” என்றான் டீச்சரை அமர்த்தியிருந்த, கடைக்காரரின் மகன். நேற்றிலிருந்து அதே சட்டை. மருமகள் அவனுடைய மனைவி. “தட்டைக் காட்டறேன், வாங்க.”

குளிர்பெட்டியிலிருந்து வட்டமான ஒரு மரப்பலகையை எடுத்து மேஜையில் வைத்தான். அதில் நான்கு சீஸ், மூன்று இறைச்சி. முதல் சீஸின் இடம் மட்டும் காலி. அதைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது.

“பன்னெண்டு மணி இருக்கற இடத்துல சாதுவானது. அங்கேருந்து கடிகார முள் மாதிரி சுத்தி வந்தா முரடு கூடிக்கிட்டே போகும்” என்றான் மகன். மனப்பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான். “இளசான ஆட்டுப்பால் சீஸ், அதுக்கு லேசான வெள்ளை ஒயின். வெள்ளைத் தோல் போட்ட மெத்து சீஸ், அதுக்கு நுரைக்கிற ஒயின். மிளகு சலாமி. சீவின பன்றித் தொடை. புகை போட்ட வாத்து. ரெண்டு வருஷம் பழுத்த கெட்டி சீஸ், அதுக்குச் சிவப்பு. கடைசியா நீல நரம்பு ஓடினது. அதோட உப்புக்குத் தித்திப்பு ஒயின்.”

“எங்க வீட்ல பூஞ்சை பிடிச்சா அம்மா திட்டிட்டுத் தூக்கிப் போடுவாங்க” என்றான் ரேடியோ. “இங்க அதுக்கு ஜோடி பாத்துக் கட்டி வெச்சிருக்காங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

பலகையின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் உலர்ந்த அத்தி.

“இங்க வழக்கமா என்ன வைப்பீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“வால்நட். அவ இருக்கற மேஜைக்கு மட்டும் வைக்க மாட்டோம். வால்நட் அவளுக்கு ஆகாது. சின்ன வயசுலேர்ந்து தொட்டதே இல்ல.”

“அத்தி வெச்சவங்களுக்கு அது நல்லா ஞாபகம் இருந்திருக்கு.”

“ஆமா. ஆனா முதல் சீஸ் மேல ஊத்தினது ஆலிவ் எண்ணெய் இல்ல. வால்நட் எண்ணெய்.” அவன் அலமாரியைக் காட்டினான். பச்சை நிறத்தில் இரண்டு பாட்டில்கள், அச்சு அசலாக ஒன்றுபோல. “டின்ல வாங்கி இதுல ஊத்தி வெச்சுக்குவோம். அவ வால்நட்டை ருசிச்சதே இல்ல. வாயில போட்டாலும் அவளுக்கு அடையாளம் தெரியாது.”

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. மாத்தி எடுத்திருக்கலாமே?”

“இந்தக் கடையில நடக்காதுங்க.” மகன் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தான். “அப்பாவை இந்தத் தொழில்ல எல்லாரும் மூக்குன்னுதான் கூப்பிடுவாங்க. வாசல்ல நின்னு உள்ள எந்த பாட்டில் திறந்திருக்குன்னு சொல்லுவாரு. தங்கச்சி அவர் கையில பழகினவ. கண்ணைக் கட்டிவிட்டாலும் ரெண்டு பேரும் எண்ணெயை மாத்த மாட்டாங்க. அன்னிக்குப் பின்னறையில இருந்தது அவங்க ரெண்டு பேர்தான். நான் வெளியே விருந்தாளிங்களோட இருந்தேன். தெரியாம நடக்க வழியே இல்லன்னா, தெரிஞ்சு நடந்திருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தர். யாருன்னு எனக்குச் சொல்லுங்க. போதும்.”

“ஏதாவது மனஸ்தாபம்?”

“பத்து நாள் முன்னாடி சாப்பிடும்போது அவ சொன்னா. ‘மாமா, ருசி பாக்கற வேலையை இனிமே நீங்க செய்ய வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்’னு. அப்பா பாதி சாப்பாட்டுல எழுந்துட்டாரு. தங்கச்சி அன்னிலேருந்து அவகிட்ட முகம் குடுத்துப் பேசல.”

தொட்டிக் குழாயில் தண்ணீர் ஓடுவது நின்றது.

“நான்தான்” என்றாள் தங்கை. திரும்பாமல் சொன்னாள். “தட்டை அடுக்கினது நான். எண்ணெய் ஊத்தினது நான். கை தவறி மாத்திட்டேன். காலைல இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன். நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு.”

“கை தவறிடுச்சுன்னதை அவர் நம்பினாரா?”

“இல்ல.”

“அப்பாவுக்கு இது தெரியுமா?”

“அவர் ஆஸ்பத்திரியிலயே உக்காந்திருக்காரு. சொல்ல வேண்டாம்.”

அவள் குரலில் அழுகை இல்லை, பயம் இல்லை. மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டேன் என்று சொல்வதுபோல இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வேறொரு கட்டியிலிருந்து கெட்டி சீஸை மெல்லிசாகச் சீவி, கத்தி முனையில் டீச்சரிடம் நீட்டினாள். இங்கே வந்தவர்கள் ருசி பார்க்காமல் போவதில்லை போலிருந்தது. அவள் கை அதைத் தானாகச் செய்தது.

டீச்சர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மெழுகை மென்றது போல இருந்தது.

“ரொம்ப நல்லா இருக்கும்மா.”

அவள் மறுபடி தொட்டிப் பக்கம் திரும்பியதும் டீச்சர் கைக்குட்டையை எடுத்து உதட்டை ஒற்றிக்கொண்டார். துண்டு கைக்குட்டைக்குப் போய், கைக்குட்டை பைக்குள் போனது. ரேடியோ பார்த்துவிட்டான். புருவத்தைத் தூக்கினான். டீச்சர் கண்ணாலேயே வாயை மூடச் சொன்னார்.

பிறகு பலகையை நோக்கிக் குனிந்தார். ஒவ்வொரு சீஸின் ஓரத்திலும் ஒரு சிறு வெட்டு இருந்தது. நகம் அளவுக்கு. இறைச்சி வரிசைகளிலும் ஒவ்வொன்றில் ஒரு நறுக்கு குறைந்திருந்தது.

“இது என்ன?”

“ருசி வெட்டு” என்றாள் தங்கை. “தட்டு அடுக்கறவங்க ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு வெட்டி முதல்ல தான் சாப்பிடணும். அப்புறம்தான் எந்த ஒயினுக்கு எதுன்னு முடிவு. முப்பது வருஷமா எங்க கடை வழக்கம். விருந்தாளிங்க அந்த வெட்டைத்தான் முதல்ல பாப்பாங்க. வெட்டு இருந்தா நம்பி எடுப்பாங்க.”

“எண்ணெய் ஊத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“ஊத்தின பிறகு. எல்லாம் முடிச்சுட்டு.”

“அன்னிக்கு நீ ஏழையும் சாப்பிட்டியா?”

அவள் ஒரு கிளாஸை எடுத்துத் துடைத்தாள். “சாப்பிட்டேன். எப்பவும் போல.”

டீச்சர் அறையைச் சுற்றி நடந்தார். கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணிகள். தாழ்ந்த ஆணியில் ஒரு குட்டை ஏப்ரன். எட்டிப் பிடிக்க வேண்டிய உயரத்தில் ஒரு நீள ஏப்ரன்.

“ரேடியோ, அதை எடு.”

“இதுக்குத்தான் என்னை வெச்சிருக்கீங்க. அறிவுக்கு இல்ல, உயரத்துக்கு.” எடுத்துக் கொடுத்தான். “இந்தப் பொண்ணு இதை மாட்டணும்னா ஸ்டூலைக் கான்ஸ்டபிள்கிட்டக் கடன் கேக்கணும்.”

“அது அப்பாவோடது” என்றான் மகன்.

நீள ஏப்ரனின் பாக்கெட்டில் மடித்த காகிதக் கைத்துண்டு ஒன்று இருந்தது. எண்ணெய் ஊறி ஒளி ஊடுருவும்படி ஆகியிருந்தது. டீச்சர் அதை மேஜையில் வைத்துப் பிரித்தார். உள்ளே காய்ந்து சுருண்ட துண்டுகள். நான்கு சீஸ். மூன்று இறைச்சி. ஒவ்வொன்றும் நகம் அளவு.

நீலத் துண்டைப் பலகையின் நீல சீஸில் இருந்த வெட்டோடு பொருத்திப் பார்த்தார் டீச்சர். சரியாக உட்கார்ந்தது.

“தட்டை அடுக்கினது நீ இல்ல” என்றார்.

தங்கை அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த கிளாஸைக் கவனமாக, ஓசை வராமல் மேஜையில் வைத்தாள்.

“அன்னிக்கு அப்பா பிடிவாதமா இருந்தாரு” என்றாள். “‘இன்னிக்குத் தட்டு நான்தான்’னாரு. நான் வெளியே ஒயின் ஊத்தப் போயிட்டேன். அண்ணி விழுந்ததும் தட்டுகிட்டக் குனிஞ்சேன். உடனே தெரிஞ்சிடுச்சு. வால்நட் வாசனை. அந்த அறையில வேற யாருக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. அப்படின்னா ஊத்தும்போது அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும் இல்ல?”

“அதனாலதான் பழியை நீ ஏத்துக்கிட்டே.”

“அவருக்கு எழுபத்தி ரெண்டு வயசு.”

ரேடியோ தொண்டையைச் செருமினான். அவனுக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகும்போது அப்படித்தான் செருமுவான்.

“அப்போ விஷயம் முடிஞ்சுது டீச்சர். எதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சவர்தான் வாயில வைக்காம பாக்கெட்ல போடுவாரு.”

“அப்படித்தான் தோணும்.” டீச்சர் தங்கையிடம் திரும்பினார். “அப்பாவுக்கும் வால்நட் ஆகாதா?”

“அவருக்கா? தினமும் காலைல நாலு சாப்பிடுவாரு. டாக்டர் சொன்னதுலேர்ந்து.”

“அப்போ அந்த எண்ணெய் அவரை ஒண்ணும் செய்யாது. மீதி ஆறுல எண்ணெயே இல்ல. சாப்பிட பயப்பட அவருக்கு எந்தக் காரணமும் இல்ல. ஏழையும் வெட்டி, ஏழையும் ஒளிச்சிருக்காரு. எதுக்கு?”

ரேடியோ அந்த ஏப்ரனின் பாக்கெட்டை மறுபடி துழாவினான்.

டீச்சர் தன் பையைத் திறந்தார். எச்சில் சீஸோடு இருந்த கைக்குட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அலமாரிக்குப் போய் இரண்டு பச்சை பாட்டில்களையும் விரலால் தடவினார். இரண்டின் கழுத்திலும் ஒரே உயரத்தில் பிசுபிசுப்பு. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, பசை.

“இதுல ஏதோ ஒட்டியிருந்திருக்கு.”

“கலர் டேப்” என்றாள் தங்கை. “ஒரு மாசம் முன்னாடி அண்ணி ஒட்டினாங்க. ஆலிவுக்கு மஞ்சள், வால்நட்டுக்குச் சிவப்பு. குளிர்பெட்டியில கூட ஒவ்வொண்ணுக்கும் தேதி எழுதி ஒட்டினாங்க. விருந்தன்னிக்குக் காலைல நான்தான் இந்த ரெண்டையும் கிழிச்சுப் போட்டேன். முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு. இந்தக் கடையில லேபிள் பாத்து எண்ணெய் எடுக்கற நிலைமை யாருக்கும் வரலன்னு சொன்னேன்.”

“அண்ணி என்ன சொன்னாங்க?”

“சண்டைக்கு வரல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ‘எனக்காக இருக்கட்டுமே’ன்னாங்க. அவ்வளவுதான்.”

“அப்பா அங்க இருந்தாரா?”

“இல்ல. அவர் சாயந்தரம்தான் வந்தாரு.”

டீச்சர் இரண்டு காகிதக் கோப்பைகள் கேட்டார். ஆலிவ் எண்ணெய் எது என்று தங்கையிடம் கேட்டார். அவள் பாட்டில்களைத் திறக்கக்கூட இல்லை. கிட்டே வந்து மூச்சை இழுத்து, வலது பக்கத்தைக் காட்டினாள். டீச்சர் அந்த பாட்டிலிலிருந்தே இரண்டு கோப்பைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். மூடி போட்டார்.

“ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?” என்றான் ரேடியோ.

“ஒண்ணுதான். வண்டியை எடு.”

மகனும் கூட வந்தான். கிளம்பும்போது டீச்சர் தங்கையிடம் சொன்னார்: “நான் ஃபோன் பண்ணுவேன். நாலு மணிக்கு முன்னாடி. எடுக்கணும்.”

அவள் தலையாட்டினாள். மறுபடி கிளாஸ்கள் பக்கம் போனாள்.

வண்டியில் மகன் பின்னால் கண்ணை மூடிக் கிடந்தான். சிக்னலில் நின்றபோது ரேடியோ மெதுவாகக் கேட்டான், “அந்தக் கைக்குட்டையைத் துவைப்பீங்களா, இல்ல அருங்காட்சியகத்துக்குக் குடுத்துடுவீங்களா?”

“நான் ஏன் அதைத் துப்பினேன்?”

“மரத்துப் போன வாயில மெல்ல முடியல.”

“ஏன் நல்லா இருக்குன்னு சொன்னேன்?”

“பாவம், அந்தப் பொண்ணு ஆசையா குடுத்துச்சு. சொன்னா மனசு கஷ்டப்படும்.”

“கலர் டேப்பை யாருக்காக ஒட்டியிருப்பாங்க?”

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ரேடியோ வண்டியை நகர்த்தவில்லை. பிறகு நகர்த்தினான். ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாவது மாடி வராந்தா. இளநீல நாற்காலிகள் வரிசையாக. புதிதாகத் துடைத்த தரையிலிருந்து பினாயில் நெடி கண்ணை எரித்தது. தாண்டிப் போனவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் அந்த ஈரத் தரைக்கு நடுவில், முழங்காலில் கையை வைத்து, எதுவும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர். சவரம் செய்யாத முகம்.

“அப்பா” என்றான் மகன்.

டீச்சர் பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தன்னை யார் என்று சொன்னார். இரண்டு கோப்பைகளையும் மூடி திறந்து அவர் கையில் கொடுத்தார்.

“உங்க கடை எண்ணெய்ங்க ஐயா. போலீசுக்கு ஒரு சந்தேகம். எது எதுன்னு நீங்க சொன்னா போதும்.”

பெரியவர் இடது கோப்பையை உயர்த்தினார். மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, லேசாகச் சுழற்றினார். முப்பது வருடப் பழக்கம் அந்தக் கையில் அழகாக இருந்தது. வலது கோப்பையையும் அதேபோல. பிறகு கண்ணைத் திறந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுவதுபோல. டீச்சரின் பாதி முகம் அசையாது. அது அன்று உதவியாக இருந்தது.

“இது ஆலிவ்” என்றார். “முதல் பிழிவு. நல்ல சரக்கு.” அடுத்ததைத் தூக்கிக் காட்டினார். “இது வால்நட். கொஞ்சம் பழசு.”

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ரெண்டும் ஒரே பாட்டில்லேர்ந்து ஊத்தினதுங்க ஐயா” என்றார் டீச்சர்.

பெரியவர் கோப்பைகளைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையிலும் பிடித்தபடி இருந்தார்.

டீச்சர் காகிதக் கைத்துண்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தார். ஏழு துண்டுகள். அவர் அவற்றை எண்ணுவதுபோலப் பார்த்தார்.

“உங்க பொண்ணு, தட்டை அடுக்கினது தான்னு சொல்லிட்டா. நாலு மணிக்கு அவளைக் கூட்டிட்டுப் போறாங்க.”

“அவளையா?” பெரியவர் நிமிர்ந்தார். “அவ தட்டைத் தொடவே இல்லையே. எதுக்கு அவ…”

“நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னு நினைக்கறா. உங்க பையனும் அப்படித்தான் நினைக்கறாரு. இந்தக் கடையில எண்ணெய் மாறாதுன்னு எல்லாரும் நம்பறாங்க ஐயா. மாறாதுன்னா அது கொலை முயற்சி. உங்க மருமக ஒருத்தங்களுக்குத்தான் மாறும்னு தெரிஞ்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லாம டேப் ஒட்டினாங்க. அவங்களால இப்போ பேச முடியாது.”

பெரியவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அதற்குப் பின்னால் ஓர் இயந்திரம் சீரான இடைவெளியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“டேப் இருந்துச்சு” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. “சாயந்தரம் போய்ப் பார்த்தா இல்ல. யாரைக் கேக்கறது? கேட்டா…” நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, அவர் பக்கம் நீட்டினார். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

“நான் சொன்னா அது என் ஊகம்” என்றார் டீச்சர். “நீங்க சொன்னாதான் உண்மை. மூணு இருபது ஆச்சு.”

பெரியவர் கோப்பைகளை ரேடியோவிடம் கொடுத்தார். ஃபோனை வாங்கினார்.

“அம்மாடி.”

“அப்பா, நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் பேசாதீங்க” என்றது தங்கையின் குரல். அதே சமமான குரல். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். “நான் பாத்துக்கறேன். நீங்க சாப்பிட்டீங்களா?”

“தண்ணியை நிறுத்து.”

சத்தம் நின்றது.

“போன வருஷம் எனக்கு ஜுரம் வந்துச்சு இல்ல? பத்து நாள் படுத்திருந்தேனே.”

“ஆமா.”

மகன் நிமிர்ந்து பார்த்தான். பெரியவர் அவனைப் பார்த்துக்கொண்டே ஃபோனில் சொன்னார்.

“அதுலேருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியலம்மா. எதை வாயில வெச்சாலும் மெழுகுதான். பதினாலு மாசமா.”